முதலாளி வராத கூட்டம்



சென்ற நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, கிள்ளானில் வேலை செய்யும் திட்டப் பொறியாளர் ஒருவர் என்னைத் தேடி பிரிக்பீல்ட்ஸ் வந்தார். தே தாரேக் ஆறிப்போகும் வரை தன் மனக்குறையைக் கொட்டினார். அவருடைய நிறுவனம் ஊழியர்களைத் திட்ட நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பியது. சான்றிதழ்கள் வந்தன, மென்பொருள் வாங்கப்பட்டது, சுவரில் கால அட்டவணை ஏறியது. ஆனால் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்திற்கு நிர்வாக இயக்குநர் ஒருமுறைகூட வரவில்லை. அவர் வராததைப் பார்த்து மற்ற பிரிவுத் தலைவர்களும் தங்களுக்குப் பதிலாகக் குமாஸ்தாக்களை அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் அட்டவணையில் தூசி படிந்தது.

"செலவுக்குக் கையெழுத்துப் போட்டாரே சார், அது ஆதரவு இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. அப்போது நம்மில் பலர் பிறந்திருக்க மாட்டோம்.

கிராம மேம்பாட்டுப் பொறுப்பை ஏற்றிருந்த துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக், 1960-இல் 'சிவப்புப் புத்தகம்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தார். ஒவ்வொரு மாவட்டத்திற்கும் சிவப்பு அட்டை போட்ட ஒரு பெரிய வரைபடப் புத்தகம். அடியில் மாவட்டத்தின் வரைபடம். அதன் மேல் சாலைக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்திற்கு ஒன்று என மெல்லிய தாள்கள். ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால், சாலையே போடாத இடத்தில் பள்ளி கட்டத் திட்டமிட்டது உடனே கண்ணில் படும். மாவட்டம், மாநிலம், கோலாலம்பூர் ஆகிய மூன்று நிலைகளிலும் நடவடிக்கை அறைகள் இருந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ராணுவமும் போலீசும் நிர்வாக அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பழகிய முறைதான் இதற்கு முன்மாதிரி.

இதுவரை சொன்னது வெறும் காகிதம். அதற்கு உயிர் கொடுத்தது ரசாக்கின் பயணங்கள். அவரே மாவட்ட நடவடிக்கை அறைக்குப் போய் உட்காருவார். எது முடிந்தது, எது நிற்கிறது, யாரால் நிற்கிறது என்று அதிகாரிகள் விளக்க வேண்டும். தாமதத்தை மறைக்க வழியில்லை. அதேபோல் சிக்கலில் இருப்பவர், தடையை நீக்கக்கூடியவரிடமே நேரில் சொல்லலாம். இந்த இரண்டாவது பயனைத்தான் பல முதலாளிகள் மறந்துவிடுகிறார்கள். கண்காணிப்பு மட்டும் என்றால், கீழே இருப்பவர்கள் அட்டவணையில் பொய் எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தனை வேகம் கொண்ட கிராம மேம்பாடு நம் தோட்டங்களைப் பெரும்பாலும் எட்டவில்லை. தோட்டம் தனியார் நிலம், வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று கருதப்பட்டது. கம்பத்திற்குச் சாலையும் குழாய்த் தண்ணீரும் வந்தபோது, பக்கத்துத் தோட்டத்து லயங்களில் நம்மவர்கள் காத்திருந்தார்கள். மேலிடத்தின் முழு ஆதரவு இருந்தாலும், வரைபடத்தில் இல்லாத இடத்திற்கு அது போய்ச் சேராது.

பொறியாளரிடம் இரண்டே யோசனைகள் சொன்னேன். இனி பயிற்சிக்குப் பணம் கேட்காதீர்கள்; இயக்குநரிடம் மாதத்தில் ஒரு மணி நேரம் கேளுங்கள், தேதி மாறாமல். அதற்கு முன்பு, உங்கள் அட்டவணையில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சற்று யோசித்தார். "இரவு வேலை செய்யும் குத்தகை ஆட்கள் சார். அவர்கள் வேலை எதிலுமே வராது" என்றார்.