குப்புற மிதக்கும் ஆபத்து!

ஹவாய் கடல் என்றதும் பலருக்கும் முதலில் வருகிற பயம் சுறா. அடுத்தது, டி.வி-யில் பார்த்த ராட்சத அலை. ஆனால், அந்தத் தீவுகளுக்கு விடுமுறைக்கு வந்து கடலில் மூழ்கி இறக்கும் வெளியூர்க்காரர்களில் அதிகம் பேர் கடைசியாகச் செய்துகொண்டிருந்தது ஸ்நார்க்கலிங். முதுகில் வெயில் அடிக்க, குப்புற மிதந்தபடி மீன் பார்க்கும் சமாசாரம்தான்.

எண்ணிக்கையைவிடக் கலவரப்படுத்துவது, அது நடக்கும் விதம். கூச்சல் கிடையாது; கையை ஆட்டி உதவி கேட்பதும் அபூர்வம். முகத்தைத் தண்ணீரில் வைத்து அசையாமல் மிதப்பதுதான் ஸ்நார்க்கலிங்குக்கே இலக்கணம். மீனை ரசித்துக்கொண்டிருப்பவருக்கும் நினைவு தப்பியவருக்கும் கரையிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. லைஃப்கார்டு எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு முதுகும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயும்தான்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் ஏன் இப்படிப் போகிறார்கள்? மாநில அரசின் ஆதரவில் மருத்துவர்கள் இதைத் துருவிப் பார்த்து, 2021-ல் அறிக்கை கொடுத்தார்கள். சாவின் விளிம்புவரை போய் மீண்டவர்களை விசாரித்ததில், ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. திடீரென்று மூச்சு வாங்கும். கைகால் சோர்ந்துபோகும். ‘இத்தோடு முடிந்தோம்’ என்ற பீதி கவ்வும். பிறகு நினைவு மங்கும். தண்ணீர் குடித்துத் திணறியதில் தொடங்கியதாகச் சொன்னவர்கள் குறைவு. இவர்களில் பலருடைய நுரையீரலை நிரப்பியது கடல் நீர் அல்ல, அவர்கள் உடம்பிலேயே கசிந்த நீர் என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்தது.

உடம்பு தண்ணீரில் அமிழ்ந்ததும் கால் பக்கத்து ரத்தம் நெஞ்சை நோக்கித் தள்ளப்படுகிறது. நுரையீரலின் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அந்த நேரத்தில் காற்று தாராளமாக வராத குழாய் வழியே வேகவேகமாக மூச்சை இழுத்தால், வழுக்கை அடைத்துக்கொண்ட ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான். இழுக்க இழுக்க நெஞ்சுக்குள் உறிஞ்சு விசை கூடும். அந்த விசை, ரத்தக் குழாயில் இருக்கும் நீரைக் காற்றுப் பைகளுக்குள் கசியவிடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரிகிறது. நீச்சல் வீரர்களிடமும் ஸ்கூபா டைவர்களிடமும் மருத்துவர்கள் பல காலமாகப் பார்த்துவரும் கோளாறுதான் இது.

குழாயின் இறுக்கம், இதயக் கோளாறு போன்ற ஏற்கெனவே இருக்கும் உடல் பிரச்னைகள், மூச்சு இரைக்கும் அளவுக்கு உழைப்பு. இந்த மூன்றும்தான் ஆபத்தைக் கூட்டுபவை என்கிறது அறிக்கை. சம்பவங்களில் பெரும்பாலானவை கால் எட்டாத இடத்தில் நடந்திருக்கின்றன. கால் எட்டியிருந்தால் எழுந்து நின்று, மாஸ்க்கைக் கழற்றி மூச்சு விட்டிருக்கலாம்.

மாரடைப்பும் பதற்றமும்தான் முக்கியக் காரணம் என்று வாதிடும் நிபுணர்களும் உண்டு. சிக்கல் என்னவென்றால், பிரேதப் பரிசோதனையில் இந்தக் கசிவையும் சாதாரண மூழ்கலையும் பிரித்துச் சொல்வது கடினம்.

சரி, கருவியில் எதைக் கவனிப்பது? தண்ணீர் புகாமல் தடுக்கும் வால்வு, மூடி என்று வேலைப்பாடு ஏற ஏற, பொதுவாகக் காற்று வரும் வழியும் இறுகுகிறது. தோற்றத்தை வைத்து மட்டும் எந்தக் குழாய் இறுக்கமானது என்று சொல்லவும் முடியாது. கரையிலேயே வாயில் வைத்து, மாடிப்படி ஏறியவர்போல வேகமாக நாலு மூச்சு இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கில் இன்னொரு தொல்லை, அவசரத்துக்குக் குழாயை மட்டும் துப்பிவிட முடியாது. மொத்தத்தையும் பிய்த்து எடுக்க வேண்டும். சாதாரண மாஸ்க்கில் நம் ஆண்களுக்கு எதிரி மீசை. ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே ரோமம் சிக்கினால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூக்கடியில் கொஞ்சம் வாஸ்லின் தடவியோ, மேல் ஓரத்தை மழித்தோ சமாளிக்கிறார்கள்.

எங்கே இறங்குகிறோம் என்பதும் முக்கியம். ஹவாயின் ஓவாஹூ தீவில் உள்ள ஹனவுமா பே, 1967-லேயே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியானது. இங்கே 2002 முதல், ஒன்பது நிமிட வீடியோவைப் பார்த்த பிறகுதான் யாரும் தண்ணீர்ப் பக்கம் போக முடியும். மற்ற இடங்களில் பெரும்பாலும் அவரவர் அறிவுதான் காவல். வடகரையின் ஷார்க்ஸ் கோவ் கோடையில் குளம்போல இருக்கும். குளிர்காலத்தில் ஆளைப் பாறையில் அறையும். மேற்கே எலெக்ட்ரிக் பீச்சில், மின் நிலையக் குழாய் கக்கும் வெதுவெதுப்பான நீர் மீன்களைக் கூட்டுகிறது. அதே ஓட்டம் ஆளையும் வெளியே தள்ளும். பௌர்ணமி கழிந்து எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை, வைக்கீக்கி, ஹனவுமா பக்கங்களில் கொடிய பாக்ஸ் ஜெல்லி மீன் கரை ஒதுங்கும்.

கரையிலிருந்தே இறங்கும் ஸ்கூபா டைவர்களுக்குச் சட்டதிட்டம் அதிகம். பத்துப் பதினைந்து நிமிடம் நின்று அலைகளின் போக்கைக் கவனிப்பார்கள். எங்கே இறங்குவது என்பதற்கு முன்பே எங்கே ஏறுவது என்று முடிவெடுப்பார்கள். சிலிண்டரில் பாதிக் காற்று தீரும் முன்பே திரும்புவார்கள். ஏறும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பார்கள். தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். 3,055 மீட்டர் உயர ஹலேயகலா மலைக்குக் காரில் போவதும் அதே கணக்கில்தான் சேரும்.

பயிற்சியில் சேரும் அன்றே அவர்களிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. இதய நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முக்கியமான கேள்விகளில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் விட மாட்டார்கள். ஸ்நார்க்கலிங் செட் வாடகைக்கு எடுப்பவரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது, காலில் மாட்டும் துடுப்புக்காகச் செருப்பு அளவு மட்டும்!

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு ஹவாய் காட்ட ஆசைப்படுவது இப்போது சகஜம். வருகிறவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கும். நீச்சல் என்றோ கிணற்றில் பழகியது. மணிக்கணக்கில் விமானத்தில் உட்கார்ந்து வந்த களைப்பு தீருவதற்குள், மறுநாள் காலையிலேயே மாஸ்க் மாட்டி இறக்கிவிடுகிறார்கள். நீண்ட விமானப் பயணமும் நுரையீரலை இந்தக் கசிவுக்குத் தயார் செய்கிறதோ என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இருக்கிறது. நிரூபணமாகவில்லை. ஆனாலும், இரண்டு மூன்று நாள் பொறுத்து இறங்குங்கள் என்றே அறிவுறுத்துகிறார்கள்.

ஆகவே டிக்கெட் போட்டிருக்கும் பிள்ளைகளே, ஹலேயகலா சூரிய உதயத்தை முதல் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள், கடலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவரை, ஊரில் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் இறக்காதீர்கள். லைஃப்கார்டு இருக்கும் கரையாகப் பார்த்து, பவளம் இல்லாத மணல் தரையில், இடுப்பளவு நீரில் நிறுத்துங்கள். கேமராவைப் பையில் போட்டுவிட்டு, கை எட்டும் தூரத்தில் கூடவே மிதந்து, அடிக்கடி தோளைத் தொட்டு ‘சரியா இருக்கீங்களா?’ என்று கேளுங்கள். லேசாக மூச்சு வாங்குகிறது என்றாலே, அந்த நொடியே மாஸ்க்கைக் கழற்றிக் கரைக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.