20 லட்சம் பேர்... 6,244 வேலை! இளைஞர்கள் நிறைந்த நாடாக இருப்பது வரமா, சுமையா?

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூட வாசல்களில் கூட்டம். எல்லோர் கையிலும் ஹால் டிக்கெட், கறுப்பு மை பேனா. அன்று டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வு. அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதாவது, ஒரு நாற்காலிக்கு 300-க்கும் அதிகமானவர்கள் போட்டி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற இந்தத் தேர்வுக்கு, பட்டதாரிகளும் வரிசையில் நிற்பது இப்போது வழக்கமான காட்சி.

‘இளைஞர்கள் நிறைந்த நாடு’ என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கிறது.

நடுவில் நிற்பவருக்கு 28 வயது

இந்தியர்கள் எல்லோரையும் வயது வாரியாக ஒரே வரிசையில் நிற்கவைத்தால், சரியாக நடுவில் நிற்பவருக்குச் சுமார் 28 வயது இருக்கும். சீனாவில் அவருக்கு ஏறக்குறைய 39, ஜப்பானில் 49. மக்கள்தொகையில் சீனாவை இந்தியா முந்துகிறது என்று 2023 ஏப்ரலில் ஐ.நா கணித்தது. இங்கு சுமார் 65% பேர் 35 வயதுக்கு உட்பட்டவர்கள்.

இதில் என்ன லாபம்? ஒரு வீட்டுக் கணக்காகப் பார்த்தால் எளிதில் புரியும். ஆறு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்து, நான்கு பேர் சாப்பிட்டால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். அதே வீட்டில் நான்கு பேர் சம்பாதித்தால் மிச்சம் பிடிக்க முடியும். பிள்ளைகளை நல்ல படிப்பு படிக்கவைக்க முடியும். நாட்டுக்கும் இதே கணக்குதான். உழைக்கும் வயதினர் அதிகமாகவும், அவர்களை நம்பியிருப்பவர்கள் குறைவாகவும் இருக்கும் காலத்தில் சேமிப்பு பெருகும், தொழில் வளரும், வரி வருமானம் கூடும். பொருளாதார நிபுணர்கள் இதை ‘டெமோகிராஃபிக் டிவிடெண்ட்’ என்கிறார்கள்.

தென்கொரியா, தைவான், சிங்கப்பூர் போன்ற நாடுகள் இப்படித்தான் முன்னேறின. கிழக்கு ஆசியாவின் அந்த அதிவேக வளர்ச்சியில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இந்த வயது அமைப்பே காரணம் என்று டேவிட் ப்ளூம், ஜெஃப்ரி வில்லியம்சன் ஆகியோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆனால், இளைஞர்கள் இருந்தது மட்டுமே அங்கு போதவில்லை. முதலில் பள்ளிக்கூடங்கள் வந்தன. படித்து முடித்தவர்களுக்குத் தொழிற்சாலைகள் தயாராக இருந்தன. பெண்களும் பெருமளவில் வேலைக்குப் போனார்கள்.

கைகள் இருக்கின்றன... வேலை?

இங்குதான் நமக்குச் சிக்கல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, நாட்டில் வேலையில்லாதவர்களில் ஏறக்குறைய 83% பேர் இளைஞர்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4% என்றால், பட்டதாரி இளைஞர்களிடையே அது 29.1%!

படித்தால் வேலை கிடைக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. வசதியில்லாதவர்களால் காத்திருக்க முடியாது; கிடைத்த கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். கடன் வாங்கிப் படித்தவர்களோ, படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார்கள். கோச்சிங் சென்டர், மறுபடியும் தேர்வு, மறுபடியும் ரிசல்ட் என்று உழைக்க வேண்டிய வயது ஓடிவிடுகிறது. கல்யாணப் பேச்சும் தள்ளிப்போகிறது.

இன்னொரு பக்கம், பட்டதாரிகளில் சுமார் 51% பேருக்குத்தான் வேலைக்குத் தேவையான திறன் இருக்கிறது என்று மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டது. விவசாயம் அல்லாத துறைகளில் 2030 வரை ஆண்டுக்குச் சுமார் 78.5 லட்சம் வேலைகளை உருவாக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

காத்திருப்பு நீண்டால் கோபம் தெருவுக்கு வரும். சுமார் 35,000 ரயில்வே பணியிடங்களுக்கு 1.25 கோடி பேர் விண்ணப்பித்த தேர்வில் குளறுபடி என்று 2022 ஜனவரியில் பீகாரில் இளைஞர்கள் போராடினார்கள். கயாவில் ரயில் பெட்டி எரிக்கப்பட்டது. வங்கதேசத்தில் அரசு வேலை இட ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தொடங்கிய போராட்டம், 2024 ஆகஸ்டில் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டே வெளியேறும் அளவுக்குப் போனது.

பெண்கள் நிலை இன்னும் கவலைக்குரியது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதைக் கடந்த ஆண்களில் 78.8% பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள். பெண்களில் அது 41.7% மட்டுமே.

தமிழ்நாட்டுக்கு அவகாசம் குறைவு

இளமை எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் பீகாரில் 3, தமிழ்நாட்டில் 1.8. அரசின் கணிப்புப்படி, 2021-ல் பீகாரில் 60 வயதைத் தாண்டியவர்கள் 7.7%, இங்கு 13.6%. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், சென்னையின் கட்டட வேலைகளிலும் வடமாநில இளைஞர்களைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாடு முழுவதற்கும்கூட இந்தக் காலம் நிரந்தரமல்ல. உழைக்கும் வயதினரின் பங்கு 2041 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இறங்கும் என்று 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை கணித்திருக்கிறது.

2024-ல் குரூப் 4 எழுதிய 22 வயது இளைஞருக்கு அப்போது 39 வயது. அம்மா, அப்பா இருவரும் அவரைத்தான் நம்பியிருப்பார்கள். அன்றைக்கு அவரிடம் 15 வருட வேலை அனுபவமும் கொஞ்சம் பி.எஃப் பணமும் இருக்குமா, அல்லது பழைய ஹால் டிக்கெட்டுகள் மட்டும்தான் இருக்குமா? வரமா, சுமையா என்ற கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.