ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்ற முடியுமா? பழைய வோல்வோ வேகன் சொல்லும் பதில்

புது கியர்பாக்ஸ் ஏத்தியாச்சு. கிளட்ச் பெடல் மாட்டியாச்சு. பேட்டரியில் ஃபுல் சார்ஜ். சாவியைத் திருப்பினால்... ஒரு சத்தமும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றவே மாட்டேன் என்கிறது.

கோளாறு எதுவும் இல்லை. கியர் லீவர் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலைக்கு வரட்டும் என்று கார் இன்னும் காத்திருக்கிறது. அந்த லீவர்தான் இப்போது வண்டியிலேயே இல்லையே!

ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் காட்சி இது. கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுவது பாதி வேலைதான். தன்னை ஆட்டோமேட்டிக் என்று நினைத்துக்கொண்டிருக்கும் காரின் ஒவ்வொரு மூலையையும் தேடிப் பிடித்து மாற்றுவதுதான் மீதி. அமெரிக்காவில் கார் பிரியர்கள் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்துவரும் வோல்வோ 240 ஸ்டேஷன் வேகனை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஸ்டேஷன் வேகன் என்றால்?

செடான் காரின் டிக்கியை நீக்கிவிட்டு, கூரையைப் பின்பக்கம் வரை நீட்டினால் அதுதான் ஸ்டேஷன் வேகன். நம்ம ஊரில் டாடா எஸ்டேட், இண்டிகோ மெரினா எல்லாம் இந்த ரகம்.

ஸ்வீடனின் வோல்வோ, 1974 முதல் 1993 வரை 240 வரிசையைத் தயாரித்தது. செடான், வேகன் எல்லாம் சேர்த்து 28 லட்சத்துக்கும் மேல். டப்பா மாதிரி உருவம், லேசில் சாகாத இன்ஜின். அமெரிக்காவில் குடும்பங்கள் விரும்பி வாங்கிய கார் இது. அங்கே ஆட்டோமேட்டிக்தான் வழக்கம் என்பதால், இன்று கைமாறும் வேகன்களிலும் ஆட்டோமேட்டிக்தான் அதிகம்.

நல்லா ஓடும் கியர்பாக்ஸை ஏன் மாற்றணும்?

நியாயமான கேள்வி. 240-ல் வந்த ஏ.டபிள்யூ 70 வகை ஆட்டோமேட்டிக், 4 கியர் கொண்டது. உழைப்புக்குப் பேர் போனது. அது கெட்டுப்போனதால் மாற்றுபவர்களைவிட, ஓட்டும் அனுபவத்துக்காக மாற்றுபவர்களே அதிகம்.

காரணம் எளிது. 2.3 லிட்டர் இன்ஜினின் சக்தி சுமார் 114 குதிரைத்திறன். வண்டியின் எடையோ 1,300 கிலோவுக்கு மேல். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். அது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவதால், கொஞ்சம் வழியிலேயே வீணாகும். கிளட்ச் ஒட்டிப் பிடிக்கும்போது அந்த இழப்பு இல்லை. எந்த கியர், எப்போது என்பதும் நம்ம கையில். அதே இன்ஜின் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும். ரேஸ் கார் ஆகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீங்க.

என்னென்ன தேவை?

வோல்வோவே இதே 240-ஐ மேனுவலாகவும் விற்றது என்பதுதான் பெரிய வசதி. 4 கியருடன் எலெக்ட்ரிக் ஓவர்டிரைவ் கொண்ட எம் 46, 5 கியர் கொண்ட எம் 47 என இரண்டு கியர்பாக்ஸ்கள் உண்டு. அதனால் பாகங்கள் எல்லாம் கம்பெனி பாகங்களாகவே கிடைக்கும். பழைய மேனுவல் 240 ஒன்றை முழுசாக வாங்கி, அதிலிருந்து கழற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தனித்தனியாகத் தேடினால் கடைசியில் ஏதாவது ஒரு பிராக்கெட் இல்லாமல் வாரக்கணக்கில் வண்டி ஜாக்கி மேலேயே நிற்கும்.

எடுக்க வேண்டியவை:

• கியர்பாக்ஸ், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம், கியர் லீவர்
• ஃப்ளைவீல், அதற்குரிய போல்ட்கள்
• கிளட்ச் செட், கிளட்ச் கேபிள்
• கிளட்ச் பெடலுடன் கூடிய முழு பெடல் செட்
• டிரைவ் ஷாஃப்ட்டின் முன்பகுதி. கியர்பாக்ஸின் நீளம் மாறினால் இதுவும் மாறும்

இதில் சில விஷயங்கள் நமக்குச் சாதகம். 1986 முதல் 240-ன் ஸ்பீடோமீட்டர், பின்பக்க டிஃபரன்ஷியலில் உள்ள சென்சாரிலிருந்துதான் வேகத்தைப் படிக்கிறது. கியர்பாக்ஸ் மாறினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ரேடியேட்டரையும் மாற்ற வேண்டாம். ஆட்டோமேட்டிக் எண்ணெயைக் குளிர்விக்க வந்த இரண்டு குழாய்களைக் கழற்றி, வாயை அடைத்தால் போதும்.

எங்கே சறுக்கும்?

*முதல் இடம், ஃப்ளைவீல்.* ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்குப் பின்னால் இருப்பது ஃப்ளெக்ஸ்பிளேட் என்ற மெல்லிய தகடு. மேனுவலில் அந்த இடத்தில் கனமான ஃப்ளைவீல் வரும். 1989 முதல் அமெரிக்க 240-களில் வந்த போஷ் எல்.ஹெச் 2.4 ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனில், இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்பதை ஒரு சென்சார் இந்தச் சக்கரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதற்கான அடையாளங்கள் சக்கரத்தின் விளிம்பில் இருக்கும்.

பழைய மாடலின் ஃப்ளைவீலில் அந்த அடையாளங்கள் இல்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் இன்ஜின் உயிர் பெறாது. சரியான ஃப்ளைவீலையே தவறான கோணத்தில் மாட்டினாலும் சிக்கல்தான். ஸ்பார்க் வரும் நேரம் பிசகிவிடும். சரிசெய்ய கியர்பாக்ஸை மறுபடி இறக்கணும்.

*இரண்டாவது, பைலட் பேரிங்.* உள்ளங்கையில் அடங்கும் சின்ன பேரிங். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியை இன்ஜின் கிராங்க்கின் முனையில் தாங்கிப் பிடிப்பது இதுதான். ஆட்டோமேட்டிக் இன்ஜினில் இது இருக்காது, நாம்தான் போடணும். மறந்துவிட்டால் அதே தண்டனை: எல்லாவற்றையும் மறுபடி கழற்றணும்.

*மூன்றாவது, நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்த அமைதி.* ஆட்டோமேட்டிக் கார் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் உண்டு. கியர்பாக்ஸுடன் அதுவும் போய்விடுவதால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது. பலர் செய்யும் குறுக்கு வழி, அந்த இரண்டு வயர்களையும் நேராக இணைத்துவிடுவது. உடனே கார் ஸ்டார்ட் ஆகும்.

ஆபத்தும் அங்கேதான். இனி எந்த கியரில் இருந்தாலும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும். முதல் கியரில் நிற்கும் வண்டியைக் கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் செய்தால், ஒரே துள்ளலில் முன்னால் பாயும். முன்னால் சுவர் இருக்கலாம், ஆளும் இருக்கலாம். கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் வைத்து, பெடலை முழுசாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி அந்த வயர்களை இணைப்பதே சரியான வழி. ரிவர்ஸ் லைட்டின் வயரையும் புது கியர்பாக்ஸில் உள்ள ஸ்விட்சுக்குக் கொண்டுபோகணும். இல்லையென்றால் பின்னால் வருபவருக்கு நீங்க ரிவர்ஸ் எடுப்பது தெரியாது.

யாரும் யோசிக்காத ஹேண்ட்பிரேக்

ஆட்டோமேட்டிக்கில் 'பார்க்' போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு கொக்கி பூட்டிக்கொள்ளும். அதை நம்பியே பலர் வருடக்கணக்கில் ஹேண்ட்பிரேக்கைத் தொடுவதே இல்லை. 240-ல் ஹேண்ட்பிரேக்குக்கு என்றே பின் டிஸ்க்குக்குள் தனியாகச் சின்ன டிரம் பிரேக் இருக்கிறது. பயன்படுத்தாமல் விட்டால் கேபிள் துருப்பிடிக்கும், ஷூ இறுகும்.

மேனுவலுக்கு மாறிய மறுநாளிலிருந்து 'பார்க்' கிடையாது. சரிவில் வண்டியை நிறுத்தினால் அதைப் பிடித்து வைப்பது ஹேண்ட்பிரேக்கும், போட்டு வைத்த கியரும்தான். அதனால் புது கிளட்ச் வாங்கும் முன், ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்க.

புது கார்களில் இது நடக்குமா?

240-ல் முடிவதற்குக் காரணம், அதன் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்திலும் ஒரு கேபிளிலும் இயங்குவது. ஓவர்டிரைவுக்கு மட்டும் ஒரு ரிலே. அவ்வளவுதான் மின்சாரம்.

இன்றைய கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், பிரேக் கம்ப்யூட்டர் எல்லாம் விடாமல் பேசிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்று திடீரென்று காணாமல் போனால் மற்றவை பதறும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரியும், சில கார்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாஃப்ட்வேரையும் மாற்றாமல் வேலை முடியாது.

நம்ம ஊரில் செய்யலாமா?

அவசரப்படாதீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. எனவே ஸ்பேனரை எடுக்கும் முன், ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க.

கடைசியாக, லாபமா?

பணக்கணக்கு மட்டும் போட்டால், பெரும்பாலும் இல்லை. மேனுவல் வண்டிதான் வேண்டும் என்றால், மேனுவலாகவே வந்த வண்டியைத் தேடி வாங்குவது செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் வீட்டில் இருக்கும் அதே வேகன்தான் வேண்டும், அப்பா ஓட்டிய அந்த வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: கியர்பாக்ஸுக்குச் செலவழிக்கும் அதே கவனத்தை, அந்த இரண்டு வயர்களுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் கொடுங்க.