குளிர்ச்சியும் குடும்பச் செலவும்

திருகோணமலை மாவட்டத்துக் கரையோர ஊராகிய இலங்கைத்துறையில் கச்சான் காற்று வீசும் காலத்து வெம்மை மிகுதி. கிடுகை நீக்கித் தகரம் வேய்ந்த வீடுகளில் அவ்வெம்மை நண்பகலில் தலைமேலேயே இறங்குகின்றது. ஆதலின் குளிரூட்டும் பொறியை நாடும் எண்ணம் எழுதல் இயல்பே.

ஆயின் பொறியின் விலையோடு செலவு முடிவதில்லை. 1,000 வாற்றுப் பொறி நாள்தோறும் 8 மணி நேரம் ஓடின் திங்களுக்கு 240 அலகு மின்சாரம் வேண்டும். 60 வாற்று விசிறிக்கோ ஏறத்தாழ 14 அலகே போதும்.

மேலைநாட்டு இல்லங்களில் குளிர்காற்றைத் தகரக் குழாய்வழி அறைதோறும் செலுத்துவர். பொருத்துவாய் இளகிய குழாய்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு காற்று வீணாகலாமென அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தினர் கணித்துள்ளனர். குழாயைச் செப்பனிடாது பெரும்பொறி வாங்குதல் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதேயாகும்.

இலங்கைத்துறைக்கும் அந்நீதியே பொருந்தும். முதற்செலவு கூரைக்கு: தகரத்தின்மேல் வெண்பூச்சும் அதன்கீழ் உட்கூரையும் வேண்டும். 1978 நவம்பரில் கீழ்க்கரையைத் தாக்கிய சூறாவளியை நினைவோர், கூரையைச் சுவரோடு பிணைக்கும் செலவைக் குறைக்கமாட்டார். இரண்டாவது காற்றுவழிக்கு: எதிரெதிர் யன்னல்களும், மேலெழும் வெப்பம் நீங்க முகட்டடித் துவாரங்களும் அமைதல் நன்று. மூன்றாவது விசிறி. அதன்பின்னும் பொருள் எஞ்சின், நோயாளரோ முதியோரோ துயிலும் ஓரறையை இடுக்கின்றி அடைத்துச் சிறுபொறி வைக்கலாம்.

வரிசையறிந்து செலவிடும் இல்லத்தில் வெம்மை தணியும், கடனும் ஏறாது.