சுவரில் ஓர் இடம்

2009 இல் முகாமின் தறப்பாளுக்குள் எனக்குச் சுவரே இருக்கவில்லை. 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா உதவியுடன் கிளிநொச்சியில் சிறு கல்வீடு கட்டினேன். நான் கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

சிறிய அறையில் பொருட்களைச் சுவரோரமாக வைத்து நடுவை வெறுமையாக விடுங்கள். அலுமாரியால் யன்னலை மறைக்காதீர்கள். யன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் கூடும். சுவர் அலங்காரத்துக்குப் பெரும் பணம் வேண்டாம். சாயமிட்ட பனையோலைத் தடுக்கு, பழைய சேலைக்கரை, பிள்ளைகள் கீறிய சித்திரம் போதும். படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து ஏறக்குறைய 5 அடி உயரத்தில், கண்மட்டத்தில் இருக்கட்டும்.

காணாமற்போன என் கணவரின் படத்தை எங்கே மாட்டுவதென்று பல மாதம் தவித்தேன். மாலை போட்டு விளக்கு வைக்கச் சொன்னார்கள் உறவினர். மனம் ஒப்பவில்லை. மாலை போட்டால் அவர் இல்லையென்று நானே சொன்னதாகிவிடும் அல்லவா? வெயில் பட்டால் படம் மங்கிவிடும். ஆகவே வெயில் விழாத சுவரில், மகளின் சித்திரங்களுக்கு நடுவே, அவளது கண்மட்டத்தில் மாலையின்றி மாட்டினேன். அவள் வளர வளர ஆணியையும் உயர்த்தினேன். இன்று அது என் கண்மட்டத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் மனதுக்குரியதற்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். மற்றவற்றைப் பிறகு அடுக்கலாம்.