மூன்று நாடுகள், ஒரே பயணம்: பெங்களூருவிலிருந்து கார் இல்லாமல் வெளிநாட்டுச் சுற்றுலாவைத் திட்டமிடுவது எப்படி?

பெங்களூரு: முதன்முறையாக வெளிநாடு செல்வோரில் பலர், ஒரே விடுமுறையில் இரண்டு அல்லது மூன்று நாடுகளைக் காண விரும்புகின்றனர். பெரும்பாலானோர் முதலில் செய்வது, மலிவாகக் கிடைக்கும் விமான டிக்கெட்டை வாங்குவதுதான். விசாவும் வழித்தடமும் அதன்பிறகே நினைவுக்கு வருகின்றன. வாடகைக் கார் இன்றி ரயிலையும் பேருந்தையும் நம்பிச் செல்வோருக்கு இந்த வரிசை பெரும் செலவை வைத்துவிடும். பாதை முதலில், விசா இரண்டாவது, டிக்கெட் மூன்றாவது என்பதே பாதுகாப்பான வரிசை.

இதற்கு எளிய எடுத்துக்காட்டு சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து பயணம். மூன்று நாடுகளின் முக்கிய நகரங்களுக்கும் பெங்களூருவிலிருந்து நேரடி விமானங்கள் உள்ளன. மூன்றையும் ஒரே இருப்புப்பாதை இணைக்கிறது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரப்பூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று என்பது முதல் பயணத்தின் தயக்கத்தைக் குறைக்கும்.

கார் ஏன் தேவையில்லை?

நாட்டு எல்லையைக் காரில் கடப்பதில் தனி நிபந்தனைகள் உள்ளன. வாடகை நிறுவனத்தின் அனுமதி, காப்பீடு, நுழைவு அனுமதி ஆகியவை தேவை. சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குள் செல்லும்போது எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒரு நாட்டில் எடுத்த காரை வேறொரு நாட்டில் ஒப்படைப்பது எளிதன்று. மாறாக, சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் ஆகிய மூன்று நகரங்களிலும் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்ல ரயில் வசதி இருக்கிறது.

திரும்பும் நகரம் வேறாக இருக்கட்டும்

சிங்கப்பூரில் இறங்கி, பாங்காக்கிலிருந்து பெங்களூரு திரும்பும் வகையில் டிக்கெட் எடுத்தால், வந்த வழியே திரும்பும் செலவும் ஒரு நாளும் மிச்சமாகும். விசாவிலும் இதற்கு முக்கியத்துவம் உண்டு. இந்தியர்கள் சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா பெற வேண்டும். அது ஒருமுறை நுழைவுக்கு மட்டும் உரியதாக இருந்தால், மலேசியா சென்றுவிட்டு விமானம் ஏற மீண்டும் சிங்கப்பூருக்குள் நுழைய முடியாமல் போகலாம். விசாவில் எத்தனை முறை நுழைவு என்று குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைப் பார்த்த பிறகே டிக்கெட்டை உறுதிசெய்ய வேண்டும்.

மலேசியா, 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்து வருகிறது. இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தாய்லாந்து 2023 நவம்பரில் விசா விலக்கை அறிமுகப்படுத்தியது. இத்தகைய சலுகைகளின் காலமும் நாள் வரம்பும் மாறக்கூடியவை. எனவே, புறப்படும் மாதத்தில் அந்தந்தத் தூதரக இணையதளத்தில் மீண்டும் சரிபார்ப்பது அவசியம்.

மூன்று நாடுகளுக்கும் இணையவழி வருகை அட்டை கட்டாயம். சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவின் எம்டிஏசி, 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த தாய்லாந்தின் டிடிஏசி ஆகிய மூன்றையும், அந்தந்த நாட்டை அடைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசு தளம் அல்ல. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

எல்லைகளைக் கடப்பது எப்படி?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குச் செல்லும் ஷட்டில் தெப்ராவ் ரயிலின் பயண நேரம் ஐந்தே நிமிடம். இரு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுவதால் முன்பதிவு தேவை. கிடைக்காவிட்டால் எல்லை கடக்கும் பேருந்துகள் உள்ளன. அவற்றில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எல்லாப் பெட்டிகளுடனும் இறங்கி ஏற வேண்டும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் இங்கு நெரிசல் மிகுதி.

ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு இடிஎஸ் மின்சார ரயில் சேவை 2025 டிசம்பரில் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து தாய்லாந்து எல்லையான பாடாங் பெசாருக்கும் இடிஎஸ் ரயிலில் செல்லலாம். அங்கு இரு நாட்டுச் சோதனையும் ஒரே நிலையத்தில் நடைபெறும். அங்கிருந்து ஹாட்யாய் வழியாக பாங்காக்கிற்கு இரவு ரயில் உண்டு. தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்வது நல்லது. 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரைக் கடும் வெள்ளம் சூழ்ந்தபோது சுற்றுலாப் பயணிகள் பலர் சிக்கிக்கொண்டனர். நவம்பர், டிசம்பர் மாதங்களில் செல்வோரும், முதிய பெற்றோரை அழைத்துச் செல்வோரும் கோலாலம்பூரிலிருந்து பாங்காக்கிற்கு விமானத்தில் செல்லலாம்.

பணமும் பெட்டியும்

ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் அதையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் இயக்க வேண்டும். சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் அத்தகைய கார்டைத் தொட்டே பயணிக்கலாம். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் தங்குமிடம் எடுப்பதும், படிக்கட்டில் தாமே தூக்கக்கூடிய அளவில் பெட்டி கொண்டுசெல்வதும் காரில்லாப் பயணத்தின் அடிப்படை.

ஐரோப்பா செல்வோருக்கும் இதே வரிசை

29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, எந்த ஊரில் எத்தனை இரவு என்பது முடிவாகாமல் விண்ணப்பத்தையே தொடங்க இயலாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பாரிஸில் இறங்கி, பிரஸ்ஸல்ஸ் வழியாக ரயிலில் சென்று, ஆம்ஸ்டர்டாமில் விமானம் ஏறுவது பெங்களூருவாசிகளுக்கு ஏற்ற பாதை. யூரெயில் பாஸ் வைத்திருந்தாலும் யூரோஸ்டார், பிரான்ஸின் டிஜிவி போன்ற ரயில்களுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி.

எந்தக் கண்டமாயினும், ஒரு தாளில் ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வோர் ஊருக்கும் இடையே எந்த ரயில், எந்த எல்லை, எந்த அனுமதி என்று குறித்துப் பார்க்க வேண்டும். விடை தெரியாத இடைவெளி ஒன்று இருந்தாலும், விமான டிக்கெட்டுக்கு இன்னும் பணம் கட்டக் கூடாது.