பி.பி. என்றால் பிரஷர் மட்டுமா?

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தரும் தொழுநோய்ச் சீட்டில் 'பி.பி.' என்று பார்த்தால் ரத்தக்கொதிப்பு என்று பதறாதீர்கள். எழுத்து ஒன்று, சங்கதி வேறு! அது கிருமி குறைந்த வகை. உணர்ச்சி குறைந்த தேமல் ஐந்துக்குள் இருக்கும், 6 மாத மருந்து. அதற்கு மேல் போனாலோ, நரம்புகள் பல பாதித்தாலோ 'எம்.பி.', 12 மாதம்.

திருக்கழுக்குன்றமோ மாமல்லபுரமோ, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மருந்து காசில்லாமல் கிடைக்கும். மாதம் ஒருமுறை ஊழியர் கண்ணெதிரே விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று ரிஃபாம்பிசின். அன்று சிறுநீர் செக்கச்செவேலென்று போகலாம். ரத்தமில்லை, மருந்தின் சாயம்தான், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.